பஞ்சர் கடைக் காற்று

பேய்க்கதை என்றால் அமாவாசை வேண்டும், நாய் ஊளையிட வேண்டும், வெள்ளைப் புடவை வேண்டும் என்று எதிர்பார்க்கிறவர்கள் இத்தோடு பக்கத்தைப் புரட்டிவிடலாம். இதில் அதெல்லாம் கிடையாது. ஒரு கம்ப்யூட்டர், அதற்குள் உள்ளங்கை அகலத்தில் ஒரு ஃபேன், பக்கத்தில் ஒரு பஞ்சர் கடை, அவ்வளவுதான். ஆனால் நடந்தது நடந்ததுதான். பூஞ்சேரி கூட்ரோட்டில் ஃப்ளெக்ஸ் பேனர் கடை வைத்திருக்கும் தீனதயாளன் இதை என்னிடம் சொன்னது பட்டப்பகலில், டீக்கடை வாசலில். சொல்லி முடிக்கிற வரை அவன் டீயைத் தொடவே இல்லை. கதை அளக்கிறவன் டீயை ஆறவிடமாட்டான் என்பது என் கட்சி. மற்றது உங்கள் இஷ்டம்.

போன ஐப்பசி மாதம். மழை விட்டு விட்டுக் கொட்டிக்கொண்டிருந்தது. தீனதயாளனின் அப்பா தர்மராஜ் செங்கல்பட்டில் ஓர் ஆஸ்பத்திரி ஐசியூவில் கிடந்தார். நெஞ்சில் சளி கட்டி மூச்சு முட்டிப்போய், வாயில் குழாய் வைத்து மிஷின் மூலம் மூச்சு கொடுத்துக்கொண்டிருந்தார்கள். இது நடந்த அன்று காலையில்தான் குழாயை எடுத்திருந்தார்கள். "இனிமே அவரா மூச்சு விடணும். இன்னைக்கு ஒரு ராத்திரி தாண்டட்டும், பாக்கலாம்" என்று டாக்டர் சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

உள்ளே ஒரே ஓர் ஆளைத்தான் விடுவார்கள். தம்பி குமார் பகலுக்கு நின்றுகொண்டான். ராத்திரியெல்லாம் முழித்திருந்த தீனதயாளனை வீட்டுக்குப் போய்த் தூங்கச் சொன்னார்கள். தூக்கம் எங்கே வரும்? கடையைத் திறந்து உட்கார்ந்தான். வீட்டில் அம்மா கன்னியம்மாவின் முகத்தைப் பார்ப்பதைவிட அது சுலபமாக இருந்தது.

சாயங்காலம் நான்கு மணி வாக்கில் அத்தை மகன் ஹரிகிருஷ்ணன் போன் செய்தான்.

"மச்சான், தப்பா எடுத்துக்காத. மழைல கரண்டு எப்ப கீது, எப்ப இல்லன்னு தெரில. மாமா போட்டோவ போட்டு ஒரு அஞ்சலி பேனரு டிசைன் பண்ணி வச்சிடு. தேதிய மட்டும் வுட்டுடு. ஊருக்கே போடற ஆளு நீ. ஒங்கப்பனுக்கு இல்லாம பூடக் கூடாது பாரு."

"வாய மூடு மச்சான்" என்று சொல்லி தீனதயாளன் போனை வைத்துவிட்டான்.

ஹரிகிருஷ்ணன் சொன்னதில் ஊர் நடைமுறைப்படி தப்பு எதுவும் இல்லை. அந்தச் சுற்று வட்டாரத்தில் யார் செத்தாலும் கண்ணீர் அஞ்சலி பேனர் தீனதயாளன் கையால்தான். உயிர் இழுத்துக்கொண்டிருக்கும்போதே வந்து போட்டோ கொடுத்துவிட்டுப் போகிறவர்கள் எத்தனையோ பேர். அவனும் சிரித்த முகமாக வாங்கி வைத்துக்கொள்வான். தன் வீட்டுக்கு என்று வரும்போதுதான் அது கேட்கக் கூடாத பேச்சாகிவிடுகிறது.

இருந்தாலும்... அவன் ஃபைலைத் திறந்தான். ஏன் திறந்தாய் என்று கேட்டேன். தெரியவில்லை என்றான். கை தானாகப் போயிற்றாம்.

அப்பாவின் போட்டோவை எடுத்துப் பின்னணியை வெட்டினான். சுற்றிலும் ஊதுவத்திப் புகையும் மல்லிகைப் பூவும் தயாராக இருந்தன. கீழே 'தோற்றம்' என்ற இடத்தில் அப்பா பிறந்த வருஷத்தை அடித்தான். பக்கத்தில் 'மறைவு'. அந்த இடத்தில் கர்சர் மினுக் மினுக் என்று நின்றது.

டப்.

கம்ப்யூட்டர் அணைந்துவிட்டது.

மறுபடி போட்டான். இரண்டு நிமிடம் ஓடிவிட்டு மறுபடி அணைந்தது. சிபியுவின் பக்கவாட்டில் கை வைத்தால் சுட்டது. அதன் பக்கவாட்டு மூடியை ஸ்குரூ கழற்றித் திறந்தான். உள்ளே ஃபேனுக்கு அடியில் தூசி கம்பளி மாதிரி படிந்திருந்தது. கடற்கரைப் பக்கத்துத் தூசி லேசுப்பட்டதில்லை. உப்புக் காற்றில் ஈரம் ஏறி, மெத்து மெத்தென்று ஒட்டிக்கொள்ளும். சூடு வெளியே போக வழியில்லாமல் மிஷின் தானே அணைந்துகொள்கிறது. தெரிந்த வியாதிதான். தெரிந்த வைத்தியமும் இருந்தது.

சிபியுவைத் தூக்கிக்கொண்டு பக்கத்து பஞ்சர் கடைக்குப் போனான். லாரி டயருக்குக் காற்றடிக்கிற கம்ப்ரஸர் குழாயை வைத்து ஓர் அடி அடித்தால் எல்லாத் தூசியும் பறந்துவிடும். அந்த ரோட்டில் கம்ப்யூட்டர் வைத்திருக்கிற அத்தனை பேரும் அப்படித்தான் செய்வார்கள்.

பஞ்சர் கடை பிரபா குழாயை எடுத்துக்கொண்டே கேட்டான். "அப்பாக்கு எப்டிண்ணா கீது?"

"கொழாய எடுத்துட்டாங்க. காத்து அதுவா இழுக்கணுமாம்."

"இழுத்துக்கும்ணா. கவலப்படாத."

இதில் ஒரு விஷயம் உண்டு. காற்றடிக்கும்போது ஃபேனின் இறக்கையை விரலால் பிடித்துக்கொள்ள வேண்டும். இல்லாவிட்டால் அது கன்னாபின்னாவென்று சுற்றி பேரிங் போய்விடும். தீனதயாளன் இதைப் பத்துப் பேருக்குச் சொல்லிக் கொடுத்தவன். அன்றைக்கு ஒரு கையில் போன் இருந்தது, கவனமெல்லாம் செங்கல்பட்டில் இருந்தது. பிடிக்க மறந்துவிட்டான்.

காற்று பட்டதும் ஃபேன் விசிலடித்துக்கொண்டு சுற்றியது. தூசி குப்பென்று வெளியே வந்தது. பிரபா குழாயை மூடினான். கம்ப்ரஸர் சத்தம் அடங்கியது.

ஃபேன் மட்டும் அடங்கவில்லை. விசில் சத்தத்தோடு சுற்றிக்கொண்டே இருந்தது.

"இன்னாண்ணா இது... பிளக்குகூட இல்ல, இம்மா நேரம் சுத்திகினு கீது?"

"காத்து வேகம் அப்டி" என்றான் தீனதயாளன்.

ஆனால் தூசியை என்ன சொல்வது? கடல் பக்கமிருந்து நல்ல காற்று வீசிக்கொண்டிருந்தது. கடை வாசலில் தொங்கிய ட்யூப்கள் ஆடின. வெளியே வந்த தூசி மட்டும் நகரவே இல்லை. இரண்டு பேருக்கும் நடுவில், ஓர் ஆள் உயரத்துக்கு, நின்ற இடத்திலேயே நின்றது. பிரபா குழாயைக் கீழே போட்டுவிட்டு இரண்டடி பின்னால் போனான். பிறகு மழைத் துளி விழ ஆரம்பித்தது. தூசி கலைந்து காணாமல் போனது.

தீனதயாளன் சிபியுவைத் தூக்கிக்கொண்டு கடைக்குள் ஓடினான்.

வயர்களை மாட்டி ஸ்விட்ச் போட்டான். கறுப்புத் திரையில் ஆங்கிலத்தில் ஒரு வரி வந்து நின்றது. ஃபேன் வேலை செய்யவில்லை என்று சொல்கிற வரி. எட்டிப் பார்த்தான். கொஞ்ச நேரத்துக்கு முன்னால் நிற்கமாட்டேன் என்று சுற்றிய ஃபேன் இப்போது அசையாமல் கிடந்தது.

பதற்றம் எதுவும் இல்லை. ஒவ்வொன்றாகப் பார்த்தான். ஃபேன் வயர் போர்டில் சரியான இடத்தில்தான் மாட்டியிருந்தது. ஏதாவது வயர் இறக்கையில் சிக்கியிருக்கிறதா என்றால் அதுவும் இல்லை. விரலால் சுற்றிப் பார்த்தான், மணல் அரைபடுவது போலக் கரகரத்தது. நடு ஸ்டிக்கரை உரித்து, தையல் மிஷின் எண்ணெய் ஒரு சொட்டு விட்டு, மறுபடி ஸ்விட்ச் போட்டான்.

ஓடியது. ஆனால் ஓடிய விதம் சரியில்லை.

கம்ப்யூட்டர் ஃபேன் ஒரே சீராக ஓடும். சூடு ஏறினால் வேகமெடுக்கும், ஆறினால் குறையும். இது அப்படி ஓடவில்லை. மெதுவாக ஏறியது... உச்சத்தில் ஒரு கணம் நின்றது... இறங்கியது... நின்றேவிட்டது. அவன் கையை நீட்டுவதற்குள் மறுபடி ஏறியது.

ஹ்ஹூ......ம். ஹ்ஹா......

இதை எங்கேயோ கேட்டிருக்கிறோமே என்று யோசித்தான். யோசிக்கவே வேண்டியிருக்கவில்லை. ராத்திரி முழுக்க ஐசியூவில் அப்பாவின் தலைமாட்டில் உட்கார்ந்து கேட்ட சத்தம் அது. தூக்கமில்லாத மண்டை, எதைக் கேட்டாலும் அப்படித்தான் தோன்றும் என்று தன்னையே திட்டிக்கொண்டான்.

பேரிங்கா, வயரா என்று பார்க்க இறக்கையை விரலால் ஒரு நிமிடம் பிடித்தான்.

போன் அடித்தது. குமார்.

"அண்ணா... அப்பாக்கு மூச்சு இழுக்க முடியலண்ணா. நர்ஸு ஓடியாந்து இன்னாவோ பண்ணிகினு கீறாங்க."

சட்டென்று விரலை எடுத்துவிட்டான். ஃபேன் ஓடியது.

"இரு இரு... இப்ப பரவால்ல. வந்துடுச்சு" என்றான் குமார்.

தீனதயாளன் படித்தவன். பாலிடெக்னிக் முடித்தவன். ஏதோ ஒன்றுக்கு ஒன்று ஒத்துப்போய்விட்டது என்று நினைத்தான். போர்டில் வேறு இடத்தில் மாட்டிப் பார்க்கலாம் என்று ஃபேன் வயரைப் பிடுங்கினான். அது நின்றது. அந்தப் பாழாய்ப் போன வயர் அடுத்த இடத்தில் நுழையவில்லை. திருப்பித் திருப்பி அழுத்தினான்.

போன்.

"அண்ணா! டிவில கோடு நேரா போவுதுண்ணா! எல்லாரையும் வெளிய போவ சொல்றாங்க!"

பழைய இடத்திலேயே வயரைச் சொருகினான். ஃபேன் ஓடியது.

போனில் யாரோ கத்தினார்கள். ஓடுகிற சத்தம். பிறகு குமாரின் குரல்.

"வந்துடுச்சுண்ணா... வந்துடுச்சு."

இதற்கு மேல் அவன் எதையும் சோதித்துப் பார்க்கவில்லை. போனை ஸ்பீக்கரில் போட்டு மேஜையில் வைத்தான். முழங்கால் போட்டு சிபியுவின் முன்னால் உட்கார்ந்தான். ஃபேனைத் தொடவில்லை. கண்ணை எடுக்கவும் இல்லை.

ஏறியது. இறங்கியது. ஏறியது.

ஐந்தே முக்கால். வெளியே மழை அடித்து ஊற்றியது.

கரண்ட் போனது.

கடை இருண்டது. யுபிஎஸ் கீச்... கீச்... என்றது. பழைய யுபிஎஸ். ஐந்து நிமிடம் தாங்கினால் அதிகம்.

"குமாரு, லைன்ல இரு. வைக்காத."

"இருக்கேன்ணா."

கீச்... கீச்... கீச். கீச். கீச்கீச்கீச்.

நின்றது.

இறக்கைகள் மெதுவாக... இன்னும் மெதுவாக...

"அண்ணா! மறுபடி..."

தீனதயாளன் விரலை நீட்டி ஃபேனைச் சுற்றிவிட்டான்.

"வருது... வருதுண்ணா!"

மறுபடி சுற்றினான். மறுபடி. மறுபடி. ஒரு சுண்டு சுண்டினால் நான்கு சுற்று. நிற்பதற்குள் இன்னொரு சுண்டு. கிணற்றில் தண்ணீர் இழுக்கிறவன் மாதிரி விடாமல் சுற்றினான். இறக்கை கூர்மை. விரல் நுனி கிழிந்தது. அது எண்ணெயா ரத்தமா என்று இருட்டில் தெரியவில்லை.

போன் கட்டாகிவிட்டது. டவர் இல்லை.

இப்போது அப்பா இருக்கிறாரா இல்லையா என்று சொல்ல யாரும் இல்லை.

"அப்பா" என்றான். சொன்னதும் அழுகை பொத்துக்கொண்டு வந்தது. "வாப்பா... போவாதப்பா... உள்ள வா..."

சுற்றினான்.

"உள்ள வாப்பா..."

சுற்றினான்.

அப்போதுதான் அது நடந்தது.

ஃபேன் அவன் விரலை எதிர்த்துத் தள்ளியது.

ஒரே கதவை இந்தப் பக்கம் ஒருவர், அந்தப் பக்கம் ஒருவர் பிடித்தால் எப்படி இருக்குமோ, அப்படி. அவன் ஒரு பக்கம் சுற்ற, அது மறு பக்கம் திரும்பியது. அந்தப் பக்கம் ஒரே ஆளாகத் தெரியவில்லை. முண்டினார்கள். முந்தினார்கள்.

"அப்பா!"

முண்டல் நின்றது.

ஃபேனிலிருந்து காற்று வந்து அவன் முகத்தில் பட்டது. சூடான காற்று.

பீடி வாசனை.

அதோடு வைக்கோல் வாசனை... மாட்டுச் சாண வாசனை...

அப்பா பீடி குடித்தவரில்லை. பஸ் டிரைவர். வீட்டில் மாடு வைத்திருந்ததும் இல்லை.

அவனுக்குத் தெரிந்தது. ஏதோ தப்பாகப் போகிறது என்று அந்த ஒரு நொடியில் நன்றாகவே தெரிந்தது. அதை அவன் என்னிடம் மறைக்கவில்லை. ஆனால் கை நிற்கவில்லை. நிறுத்தினால் மூச்சு நின்றுவிடுமே.

"வாப்பா... உள்ள வந்துடு..."

விரலை எடுத்தான்.

ஃபேன் சுற்றிக்கொண்டே இருந்தது. கரண்ட் இல்லை, யுபிஎஸ் இல்லை, அவன் விரலும் இல்லை. கரகரப்பு இல்லாமல், சத்தமில்லாமல், ஒரே சீராகச் சுற்றியது.

அப்புறம் கரண்ட் வந்தது. கொஞ்ச நேரத்தில் போனும் அடித்தது.

"அண்ணா... அப்பா கண்ண தொறந்துட்டாருண்ணா! நல்லா மூச்சு வுடறாரு! டாக்டரே ஆச்சரியப்படறாரு!"

தீனதயாளன் தரையில் உட்கார்ந்து சின்னப் பிள்ளை மாதிரி அழுதான். பிறகு எழுந்து, கம்ப்யூட்டரில் அந்த அஞ்சலி ஃபைலைத் தேடி அழித்தான்.

அதன் பிறகு அந்த ஃபேன் ஒரு மக்கரும் பண்ணவில்லை.

தீபாவளிக்கு முன்னாலேயே அப்பா வீடு திரும்பினார். கொஞ்சம் மாறித்தான் போயிருந்தார். தர்மராஜ் சிடுமூஞ்சி மனிதர். பெற்ற பிள்ளைகளிடம் நின்று இரண்டு வார்த்தை பேசமாட்டார். இப்போது தினமும் மகனோடு கடைக்கு வந்து, மூலையில் நாற்காலியைப் போட்டுக்கொண்டு அவனையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். "அப்பா, டீ சொல்லட்டுமா?" என்று கேட்டால் முகம் மலர்ந்துவிடும்.

"இன்னா சொன்ன?"

"டீ சொல்லட்டுமான்னு கேட்டேன்."

"அதுக்கு முன்னால ஒண்ணு சொன்னியே... அத்த இன்னொரு தபா சொல்லு."

மூச்சு தடைபட்டதில் மூளைக்குக் கொஞ்சம் பாதிப்பு இருக்கும், போகப் போகச் சரியாகிவிடும் என்றார் டாக்டர். குமாருக்கு அதில் சந்தோஷம்தான். அப்பா இப்போதுதான் அப்பா மாதிரி இருக்கிறார் என்றான். அம்மா கன்னியம்மா மட்டும் அப்படி நினைக்கவில்லை. அப்பா வந்த மூன்றாம் நாளே தன் பாயை எடுத்துக்கொண்டுபோய்ச் சமையல்கட்டில் போட்டுக்கொண்டாள். ராத்திரி உள்பக்கம் தாழ்ப்பாள் போடுகிற சத்தம் கேட்குமாம். ஏன்மா என்று கேட்டால், "தூக்கம் வர்லடா" என்பாள். அவ்வளவுதான்.

கார்த்திகையில் ஒரு நாள் காலை. நல்ல வெயில். ஐம்பது வயதுக்கு மேல் இருக்கும், ஓர் அம்மாள் கடைக்கு வந்தாள். பெயர் எல்லம்மாள், நெரும்பூர் பக்கம் என்றாள். வீட்டுக்காரருக்கு முப்பதாம் நாள் காரியம், பேனர் வேண்டும். அப்பா மூலையில் சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தார்.

தீனதயாளன் வழக்கமாகக் கேட்பதைக் கேட்டான். "என்னைக்குமா தவறனாரு?"

அவள் தேதியைச் சொன்னாள். அவன் கை கீபோர்டில் நின்றது.

"எங்க... வீட்லயா?"

"இல்ல சாமி. செங்கல்பட்டு ஆஸ்பத்திரில. ஐசியூல வச்சிருந்தாங்க. அந்தப் பெரிய மழ பேஞ்சுதே, வெளக்கு வைக்கிற நேரத்துல கரண்டு கூட பூட்ச்சே... அப்ப."

பேனரின் அடியில் துக்கப்படுகிறவர்கள் பெயரைப் போட வேண்டும். அதுதான் முறை. அடுத்த கேள்வியைக் கேட்டான்.

"கீழ... மகன், மகள் பேரு சொல்லுங்க."

"புள்ளைங்க இல்லப்பா எங்களுக்கு. ரெண்டு கறவ மாடு உண்டு, அந்த மனுசன் ஒரு மூலைல பீடி குடிச்சிகினு கெடக்கும், நான் ஒரு மூலைல கெடப்பேன். அப்பான்னு கூப்புட ஒரு உசுரு இல்லியேன்னு சாவற வரிக்கும் அதுக்கு ஒரே ஏக்கம்." கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "என் பேர மட்டும் போடு, போதும். போட்டோ தர்றேன் இரு."

குனிந்து மஞ்சப்பைக்குள் கையை விட்டுத் தேடினாள்.

மூலையிலிருந்து குரல் வந்தது.

"எல்லம்மா... மாட்டுக்குத் தண்ணி காட்னியா?"

"காட்டிட்டுத்தான்யா வந்தேன்" என்றாள் அவள், தலையைத் தூக்காமலேயே.

பிறகு பைக்குள் தேடிக்கொண்டிருந்த கை நின்றது.

அவள் மெதுவாக நிமிர்ந்தாள். நாற்காலி திரும்பியிருந்தது. அதில் இருந்தவர் அவளைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தார்.

அப்பா என்று கூப்பிட தீனதயாளன் வாயைத் திறந்தான். உடனே மூடிக்கொண்டான். அந்த வார்த்தையை இனி சொல்லவே கூடாது என்று தோன்றியது. பெற்றவரின் பெயரை அதுவரை அவன் ஒரு தடவைகூட வாய்விட்டுக் கூப்பிட்டதில்லை. இப்போது கூப்பிட்டான்.

"தர்மராஜ்..."

நாற்காலியில் இருந்தவர் திரும்பவில்லை.